எலக்ட்ரான் கூடக் கூட அணு ஏன் சிறுக்கிறது?

கேள்வி இதுதான். பதினோராம் வகுப்பு படிக்கும் மகளுக்குத் தனிம வரிசை அட்டவணைப் பாடத்தில் நாலு அம்புக்குறியைப் போட்டு, "இடமிருந்து வலம் போனால் அணு ஆரம் குறையும், மேலிருந்து கீழே போனால் கூடும், அயனியாக்கும் ஆற்றல் அதற்கு நேர்மாறு, மனப்பாடம் செய்துகொள்" என்று முடித்துவிட்டார்கள். அவள் கேட்கிறாள்: வலப்பக்கம் போகப் போக எலக்ட்ரான் கூடிக்கொண்டுதானே வருகிறது, அப்படியென்றால் அணு பெருக்கத்தானே வேண்டும்? விதி என்று சொன்ன கையோடு நைட்ரஜனும் ஆக்சிஜனும் விதிவிலக்கு என்கிறார்களே, ஏன்? அட்டவணையே ஏன் இரண்டு பக்கமும் உயர்ந்து நடுவில் இடிந்துபோன மதில் மாதிரி இருக்கிறது?

மூன்றும் உருப்படியான கேள்விகள். இருபது வருடமாக பிளஸ் ஒன் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிற அனுபவத்தில் சொல்கிறேன், அந்த அம்புக்குறிகளை மனப்பாடம் செய்த பிள்ளைகள்தான் தேர்வில் அதைத் தலைகீழாகப் போட்டுவிட்டு வருவார்கள். அம்பெல்லாம் வேண்டாம். எந்தத் தனிமத்தைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வி போதும்: கடைசிக் கூட்டில் இருக்கிற எலக்ட்ரானை அணுக்கரு எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது? ஆரம், அயனியாக்கும் ஆற்றல் (ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க ஆகும் ஆற்றல்), கவர்தன்மை (பிணைப்பில் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன்), உலோகத்தன்மை எல்லாம் இந்தப் பிடியைத்தான் வேறு வேறு அளவுகோலில் சொல்கின்றன.

அணுவின் அமைப்பை முதலில் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன், உங்கள் மகளுக்குத் தெரிந்ததுதான். நடுவில் அணுக்கரு, அதில் நேர்மின்சுமை கொண்ட புரோட்டான்களும் சுமையில்லாத நியூட்ரான்களும். வெளியே கூடு கூடாக எலக்ட்ரான்கள். அணுக்கருவை ஒரு கடுகு அளவுக்குப் பெரிதாக்கினால் அணு ஒரு விளையாட்டு மைதானம் அளவுக்கு வரும், அவ்வளவு வெற்றிடம். ஆக, அணுவின் அளவு என்று நாம் சொல்வது உண்மையில் எலக்ட்ரான் மேகம் எதுவரை பரவியிருக்கிறது என்பதைத்தான். மேகம் என்றுதான் சொல்ல வேண்டும். சூரியனைச் சுற்றும் கோள்கள் மாதிரி வட்டப் பாதையில் ஓடுவதாகப் போடுகிற படம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எலக்ட்ரான் அப்படி ஓடுவதில்லை. இன்ன இடத்தில் இருக்க இவ்வளவு வாய்ப்பு என்றுதான் சொல்ல முடியும்.

இப்போது முதல் கேள்வி. இதில் பிள்ளைகள் மறந்துபோகிற விஷயம், வலப்பக்கம் ஒரு கட்டம் நகர்ந்தால் கூடுவது எலக்ட்ரான் மட்டும் இல்லை, அணுக்கருவில் ஒரு புரோட்டானும் கூடுகிறது என்பது. லித்தியத்துக்கு 3, ஃபுளூரினுக்கு 9. சரி, ஈர்க்கிறவர் ஒருவர் கூடினால் ஈர்க்கப்படுகிறவரும் ஒருவர் கூடுகிறாரே, கணக்கு சமமாகிவிடாதா? ஆகாது. அதற்குக் காரணம் யார் யாரை மறைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஊர்த் திருவிழாவில் கூத்து பார்க்கப் போயிருப்பீர்கள். உங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் தலை மேடையை மறைக்கும். பக்கத்தில் அதே வரிசையில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் பெரிதாக மறைக்க மாட்டார். அணுவிலும் இதேதான் நடக்கிறது. மேடைதான் அணுக்கரு. உள்கூட்டு எலக்ட்ரான்கள் வெளி எலக்ட்ரானுக்கு அணுக்கருவை நன்றாக மறைக்கின்றன, ஒரே கூட்டில் இருப்பவை ஒன்றையொன்று அரைகுறையாகத்தான் மறைக்கின்றன. புத்தகத்தில் திரைமறைப்பு விளைவு என்று வருவது இதுதான். மறைப்பு போக மிச்சம் உணரப்படுகிற ஈர்ப்புதான் செயலுறு அணுக்கரு மின்சுமை. பெயர் பயமுறுத்தும், சங்கதி அவ்வளவுதான்.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளியும். ஸ்லேட்டர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1930-இல் ஒரு தோராயக் கணக்கு சொன்னார்: ஒரே கூட்டில் இருக்கும் ஒவ்வொரு எலக்ட்ரானும் 0.35 மறைக்கும், அதற்கு அடுத்த உள்கூட்டில் இருப்பது 0.85, இன்னும் உள்ளே இருப்பது முழுதாக 1. லித்தியத்தின் கடைசி எலக்ட்ரானுக்கு உள்ளே இரண்டு பேர், மறைப்பு 1.7, ஆகவே 3-இல் மிச்சம் 1.3. ஃபுளூரினில் ஒரு வெளி எலக்ட்ரானுக்குப் பக்கத்தில் ஆறு பேர், உள்ளே இரண்டு பேர்; மறைப்பு 2.1 கூட்டல் 1.7, அதாவது 3.8. 9-இல் மிச்சம் 5.2. இரண்டு அணுவிலும் வெளி எலக்ட்ரான் இருப்பது அதே இரண்டாம் கூடுதான், ஆனால் பிடி நாலு மடங்கு. மேகம் சுருங்காமல் என்ன செய்யும்? லித்தியத்தின் ஆரம் 152 பிகோமீட்டர், ஃபுளூரினுடையது 64. (வேறு புத்தகத்தில் வேறு எண் இருந்தால் குழம்ப வேண்டாம். மேகத்துக்கு விளிம்பு கிடையாது, உலோகத்தில் அளந்தால் ஒன்று, பிணைப்பில் அளந்தால் ஒன்று என்று வரும். போக்கு மாறாது.)

இன்னும் சந்தேகம் இருந்தால் நான் வகுப்பில் காட்டுகிற நாலு அயனிகளைக் காட்டுங்கள் (எலக்ட்ரானை இழந்தோ வாங்கியோ மின்சுமை பெற்ற அணுதான் அயனி). ஆக்சைடு, ஃபுளூரைடு, சோடியம் அயனி, மெக்னீசியம் அயனி. நாலுக்கும் எலக்ட்ரான் சரியாகப் பத்துதான். ஆரம் மட்டும் 140, 133, 102, 72 பிகோமீட்டர் என்று இறங்கிக்கொண்டே போகிறது. எலக்ட்ரான் எண்ணிக்கையில் மாற்றமே இல்லை, மாறுவது 8, 9, 11, 12 என்று ஏறுகிற புரோட்டான்தான். அணுவின் அளவை முடிவு செய்வதில் உள்ளே உட்கார்ந்து இழுப்பவரின் பங்கு எவ்வளவு என்று இதற்கு மேல் நிரூபிக்க வேண்டியதில்லை. நம் சமையலறை உப்பிலும் இதே விளையாட்டு உண்டு. தனி அணுவாக இருக்கும்போது சோடியம் (186) குளோரினைவிட (99) ஏறக்குறைய இரண்டு மடங்கு. சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து, குளோரின் வாங்கிக்கொண்டதும் நிலைமை தலைகீழ்: சோடியம் அயனி 102, குளோரைடு 181.

கீழே இறங்கினால் என்ன ஆகிறது? சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் ஸ்லேட்டர் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேடிக்கையான ஒன்று தெரியும்: இரண்டுக்குமே மிச்சம் 2.2 தான். பொட்டாசியத்தில் எட்டு புரோட்டான் அதிகம், ஆனால் மறைப்பதற்கும் எட்டு பேர் அதிகம். ஈர்ப்பு அதே, உட்கார்ந்திருக்கும் வரிசை மட்டும் ஒன்று பின்னால். தூரம் கூடினால் பிடி தளரும். ஆரம் 186-இலிருந்து 231 ஆகிறது, ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க ஆகும் ஆற்றல் மோலுக்கு 496 கிலோஜூலிலிருந்து 419 ஆகக் குறைகிறது. சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் அது சீறிக்கொண்டு ஓடும், பொட்டாசியம் ஊதா நிறத்தில் தீப்பிடித்தே எரியும். அந்த வித்தியாசத்தில் இந்தத் தளர்ச்சிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக அம்புக்குறியின் ஒரு திசைக்குக் காரணம் மறைக்கப்படாத ஈர்ப்பு, இன்னொரு திசைக்குக் காரணம் தூரம்.

விதிவிலக்குக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த இடம் இது. இரண்டாம் தொடரின் (அட்டவணையின் இரண்டாம் கிடைவரிசை) அயனியாக்கும் ஆற்றல்களை வரிசையாக எழுதுங்கள்: லித்தியம் 520, பெரிலியம் 899, போரான் 801, கார்பன் 1086, நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314, ஃபுளூரின் 1681, நியான் 2080. மொத்தத்தில் ஏறுகிறது, ஆனால் போரானிலும் ஆக்சிஜனிலும் கால் இடறுகிறது. இதை விதிவிலக்கு என்று தனியாகப் பெட்டி கட்டிப் போடுவதுதான் தப்பு. நம்முடைய கேள்வியையே கொஞ்சம் கவனமாகக் கேட்டால் இதற்கும் பதில் வந்துவிடும்.

ஒரு கூட்டுக்குள்ளேயே எஸ், பி, டி, எஃப் என்று துணைக்கூடுகள் இருக்கின்றன. எஸ் எலக்ட்ரானுக்கு ஒரு குணம் உண்டு, பின்வரிசையில் சீட்டு இருந்தாலும் அவ்வப்போது முன்வரிசைக்கு நடுவே நுழைந்து மேடை ஓரம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வரும். அதாவது அதன் மேகத்தில் ஒரு பகுதி அணுக்கருவுக்கு மிக அருகில் இருக்கிறது. பி எலக்ட்ரானுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. பெரிலியத்தில் பிடுங்குவது எஸ் எலக்ட்ரானை, போரானில் பிடுங்குவது முதன்முதலாக வந்த பி எலக்ட்ரானை. அது கொஞ்சம் தளர்வாக இருக்கிறது, எளிதில் வருகிறது. அவ்வளவுதான்.

ஆக்சிஜனில் நடப்பது வேறு. பி துணைக்கூட்டில் மூன்று ஆர்பிட்டால்கள், மூன்று பெஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பெஞ்சில் இரண்டு பேர் உட்காரலாம். நம் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் என்ன செய்வார்கள்? காலி சீட்டு இருக்கும்வரை இன்னொருவர் பக்கத்தில் போய் உட்கார மாட்டார்கள். எலக்ட்ரானும் அப்படியே, புத்தகம் இதை ஹுண்ட் விதி என்கிறது. நைட்ரஜனில் மூன்று பேர் மூன்று பெஞ்சில் தனித்தனியாக. ஆக்சிஜனில் நாலாமவர் வருகிறார், ஒரு பெஞ்சில் இரண்டு பேர் நெருக்கியடிக்க வேண்டியதாகிறது. இரண்டுமே எதிர்மின்சுமை, ஒன்றையொன்று தள்ளும். அந்த நெருக்கத்தில் ஒருவரை இறக்கிவிடுவது சுலபம், ஆகவே 1402-இலிருந்து 1314. மூன்றாம் தொடரில் பாஸ்பரஸ் 1012, கந்தகம் 1000 என்று அதே இடத்தில் அதே இடறல் மறுபடியும் வருகிறது. "பாதி நிரம்பிய துணைக்கூடு நிலைப்புத்தன்மை உடையது" என்று ஒரு வரியில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும்தான். எனக்கு அந்த வாக்கியம் பிடிப்பதில்லை, அது நடப்பதைச் சொல்கிறதே தவிரக் காரணத்தைச் சொல்வதில்லை.

சரி, அட்டவணையின் கோணல் வடிவம். இடப்பக்கம் 2 பத்தி, வலப்பக்கம் 6 பத்தி, நடுவில் 10 பத்தி, கீழே தனியாக ஒதுக்கி வைத்த இரண்டு பட்டைகளில் 14 தனிமங்கள் வீதம். எஸ் துணைக்கூட்டில் 2 பேர், பி-யில் 6, டி-யில் 10, எஃப்-இல் 14. அட்டவணையின் அகலமே எலக்ட்ரான்களின் இருக்கைக் கணக்குதான். கோணலுக்குக் காரணம், இந்த இருக்கைகள் நிரம்பும் முறை. மூன்றாம் கூட்டில் 18 பேர் உட்கார இடம் உண்டு (பத்தாம் வகுப்பு வரை 8 என்றே நினைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் நிறைய, அதை முதலில் மறக்கச் சொல்லுங்கள்). ஆனால் எட்டு பேர் உட்கார்ந்ததும் மூன்றாம் தொடர் ஆர்கானோடு முடிந்துவிடுகிறது. அடுத்து வரும் பொட்டாசியம், கால்சியம் இரண்டும் காலியாக இருக்கிற 3-டி-யை விட்டுவிட்டு நாலாம் கூட்டின் எஸ்-இல் போய் உட்காருகின்றன. மேடை ஓரம் எட்டிப் பார்க்கும் அதே குணம்தான், நாலாம் வரிசை எஸ் அந்த நேரத்தில் மூன்றாம் வரிசை டி-யைவிட வசதியாக இருக்கிறது. ஸ்காண்டியத்திலிருந்து துத்தநாகம் வரை பத்து பேர் அந்த 3-டி-யை நிரப்பி முடித்த பிறகுதான் பி-க்குப் போகிறார்கள். அதனால்தான் தொடர்களின் நீளம் 2, 8, 18, 32 என்று ஒழுங்காக ஏறாமல் 2, 8, 8, 18, 18, 32, 32 என்று இரட்டை இரட்டையாக வருகிறது.

இங்கே வழக்கமாக ஒரு துணைக்கேள்வி வரும். 4-எஸ் முதலில் நிரம்புகிறது என்றால் இரும்பு அயனியாகும்போது எலக்ட்ரான் 3-டி-யிலிருந்துதானே போக வேண்டும்? இல்லை, 4-எஸ்-இல் இருக்கிற இரண்டும்தான் முதலில் கிளம்பும். புரோட்டான் ஏற ஏற 3-டி உள்ளே இழுக்கப்பட்டு இறுகிவிடுகிறது. ஸ்காண்டியத்திலிருந்தே 4-எஸ்தான் வெளியே நிற்கிற ஆள், வெளியே நிற்பவர்தான் முதலில் போவார். நிரம்பும் வரிசை வேறு, வெளியேறும் வரிசை வேறு.

இவ்வளவும் தெரியாமலே ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1869-இல் அட்டவணை போட்டார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாகத்தான் இருக்கிறது. எலக்ட்ரானைத் தாம்சன் கண்டுபிடித்தது 1897-இல். மெண்டலீவ் கையில் இருந்தது 63 தனிமங்கள், அவற்றின் அணு நிறை, சேர்மங்களின் குணம், அவ்வளவே. பொருந்தாத இடத்தில் வலுக்கட்டாயமாக எதையும் நுழைக்காமல் காலி விட்டார், காலி விட்ட இடத்துக்குப் பெயரும் வைத்தார். ஏக-அலுமினியம், ஏக-சிலிக்கான் என்று. நம் ஏகம்தான், சமஸ்கிருதத்தில் ஒன்று. அலுமினியத்துக்கு ஒரு படி கீழே என்று பொருள். 1875-இல் பிரான்சில் லெகாக் டி புவாபோத்ரான் அந்த ஏக-அலுமினியத்தை, அதாவது காலியத்தைக் கண்டுபிடித்து அடர்த்தி 4.7 என்றார். உலோகத்தைக் கண்ணால் பார்த்திராத மெண்டலீவ், 5.9 சுமாருக்கு இருக்க வேண்டுமே என்றார். மறுபடி சுத்தம் செய்து அளந்தபோது 5.9 தான் வந்தது. (காலியம் 30 டிகிரிக்குச் சற்று முன்னாலேயே உருகிவிடும், சென்னை மே மாதத்தில் மேஜை மேல் வைத்தால் தண்ணீராக ஓடும்.)

ஆனால் நிறையை வைத்து அடுக்கியதில் அவருக்கும் ஒரு சிக்கல் இருந்தது. டெலூரியம் 127.6, அயோடின் 126.9. நிறைப்படி அயோடின் முன்னால் வர வேண்டும், குணத்தைப் பார்த்தால் அது குளோரின், புரோமின் குடும்பம், பின்னால்தான் வர வேண்டும். அவர் குணத்தை நம்பி இடத்தை மாற்றிப்போட்டார், நிறையை யாரோ தப்பாக அளந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். அளவு தப்பில்லை, நிறை என்கிற அளவுகோல்தான் தப்பு. மோஸ்லி என்ற இளைஞர் 1913-இல் தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்து, அவற்றின் அதிர்வெண்ணின் வர்க்கமூலம் தனிமத்துக்குத் தனிமம் ஒரே சீராக ஏறுவதைக் காட்டினார். ஏறுவது அணுக்கருவின் மின்சுமை, நாம் இன்று அணு எண் என்பது. இரண்டு வருடத்தில், 27 வயதில், முதல் உலகப்போரில் கலிப்போலியில் குண்டடிபட்டு இறந்துபோனார்.

மோஸ்லியின் முறை வந்த பிறகு எந்த எண் காலியாக இருக்கிறது என்று விரல் விட்டு எண்ண முடிந்தது. 72 காலியாக இருந்தது. அது அரிய மண் தனிமமாக (கீழே ஒதுக்கி வைத்த முதல் பட்டையின் லாந்தனைடாக) இருக்காது, சிர்கோனியத்துக்குக் கீழே உட்கார வேண்டியது என்று டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் எலக்ட்ரான் கணக்கை வைத்துச் சொன்னார். 1923-இல் கோபன்ஹேகனில் காஸ்டரும் ஹெவெசியும் சிர்கோனியக் கனிமத்தில் எக்ஸ் கதிர் வைத்துத் தேடினார்கள், கிடைத்தது. அதுதான் ஹாஃப்னியம். சிர்கோனியம் 1789-லேயே தெரிந்த தனிமம். அதற்குள்ளேயே நூற்றுச் சொச்சம் வருடம் இன்னொன்று ஒளிந்திருந்தும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஏன்?

ஒரு கூடு அதிகம் என்பதால் ஹாஃப்னியம் பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் சிர்கோனியத்தின் ஆரம் 160, ஹாஃப்னியத்தினுடையது 159. காரணம், இரண்டுக்கும் நடுவில் லாந்தனைடுகள் வருகின்றன, அங்கே 14 எலக்ட்ரான்கள் எஃப் துணைக்கூட்டில் போய்ச் சேர்கின்றன. எஃப் எலக்ட்ரான்கள் மறைப்பதில் மகா மோசம், கூத்தில் முன்வரிசையில் ஆள் இருந்தும் மேடை தெரிகிற மாதிரி. புரோட்டான் பதினாலு கூடியும் மறைப்பு அதற்கு ஈடாகக் கூடவில்லை. பிடி இறுகி, ஒரு கூடு கூடியதால் வர வேண்டிய பருமன் முழுதும் சுருங்கிப்போனது. இதுதான் லாந்தனைடு குறுக்கம். அளவும் ஒன்று, வெளி எலக்ட்ரான் அமைப்பும் ஒன்று, வேதியியலும் அச்சு அசல் ஒன்று. நிறை மட்டும் இரண்டு மடங்கு சுமாருக்கு. அதனால் அடர்த்தியும் 6.5-இலிருந்து 13.3 ஆகிவிடுகிறது.

இது எங்கோ ஐரோப்பாவில் நடந்த கதையாக நின்றுவிடவில்லை. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் சிர்கான் என்ற சிர்கோனியக் கனிமம் இருக்கிறது, சிர்கான் இருக்கிற இடத்தில் ஹாஃப்னியமும் கொஞ்சம் கூடவே இருக்கும். அணு உலையில் எரிபொருளைப் பொதிந்து வைக்கும் குழாய்கள் சிர்கோனியக் கலவையில் செய்யப்படுகின்றன, அது நியூட்ரானை மிகக் குறைவாகவே விழுங்கும் என்பதால். ஹாஃப்னியமோ அதைவிட சுமார் 600 மடங்கு விழுங்கும். நியூட்ரானைப் பொறுத்தவரை முக்கியம் அணுக்கரு, வேதியியலைப் பொறுத்தவரை முக்கியம் வெளி எலக்ட்ரான். ஒன்றில் எதிரும் புதிருமாக இருக்கிற இரண்டும் இன்னொன்றில் இரட்டைப் பிள்ளைகள். அதனால் உலைக்குப் போகும் முன் ஹாஃப்னியத்தைப் பிரித்தே ஆக வேண்டும், பிரிப்பதோ பெரும்பாடு, கரைப்பானில் கட்டம் கட்டமாகத் திரும்பத் திரும்ப இழுத்தெடுக்க வேண்டும். தூத்துக்குடி பக்கம் பழையகாயலில் இதற்கென்றே அணு எரிபொருள் வளாகத்தின் சிர்கோனியம் ஆலை இருக்கிறது. இந்தத் தலைவலிக்கு மூலகாரணமான லாந்தனைடுகளும் அதே மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமமாகக் கிடக்கின்றன என்பது தனி வேடிக்கை.

கடைசியாக ஒரு பயிற்சி. மெக்னீசியத்திலிருந்து எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆகும் ஆற்றல் 738, 1451, 7733. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் அந்தப் பெரிய குதி ஏன் வருகிறது என்று மகளிடம் கேளுங்கள். வெளி வரிசை காலி, இனி முன்வரிசையில் கை வைக்க வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டால், பெயர் சொல்லாமல் இந்த நாலு எண்ணைக் கொடுத்து அட்டவணையில் எந்தத் தொகுதி (பத்தி) என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்: 577, 1816, 2745, 11577. அட்டவணையைப் பார்க்கக் கூடாது.